நாத்தனார் சொன்ன பதில்

என் நாத்தனாரை இங்கே 'சொன்னார்', 'வந்தார்' என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதை மிச்சம் இருப்பதால் அல்ல. இருபத்துநாலு வருஷம் அக்கா அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் ஒரே நாளில் மாற மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து எங்கள் குடும்பத்தில் கேலி பேசாத ஆளே கிடையாது. "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வராதா? எங்களுக்கும் பொழுது போகணும்ல" என்பார் என் கணவர். அவருக்கு இந்த அக்கா ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளிநாட்டில் பல வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். அங்கே இருந்தபோதுதான் பௌத்த தியானம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டு மொழியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் தியான மையத்துக்கு வரும் பிக்குவுக்கு அந்த மொழி மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வது நாத்தனாரின் பொறுப்பு. மையத்தில் பிக்குவுக்கு அடுத்தபடி மரியாதை அவருக்குத்தான். உண்மையைச் சொன்னால் சில பேருக்கு அவர்தான் முதல், பிக்கு அடுத்தது.

எனக்கு வேலை பல் செய்வது. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறின் நகலை எடுத்து, அதன் மேல் மெழுகு வைத்து, பல்லை அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லை வைத்துக்கொண்டுதான் என்னைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள்.

என்னைத் தியானத்துக்கு இழுத்ததும் இந்தப் பல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் திடீரென்று, "பல்லைக் கடிச்சுப் பாரு, என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"கெட்டியா இருக்கு."

"அது மண். நாக்கால ஓரத்தைத் தடவு. சொரசொரப்பும் மண்தான். எச்சில் ஊறுதா? அது தண்ணி. ஓடுறது மட்டும் தண்ணி இல்ல, உதிராமப் பிடிச்சு வெச்சிருக்கிறதும் தண்ணி. சூடும் குளிரும் நெருப்பு. தள்றதும் தாங்குறதும் காத்து. உடம்புன்னு நாம சொல்றது இந்த நாலு தாதுதான்."

"நாலுதானா? பள்ளிக்கூடத்துல அஞ்சுன்னு சொன்னாங்களே. ஒண்ணை எங்கே தொலைச்சீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "ஆகாயத்தை இவங்க தனியா எண்ண மாட்டாங்க. அது வெறும் இடைவெளிதானே. அதை விடு, இதைக் கேளு. கெட்டியா இருக்கு பாரு, அது பல். கெட்டியா இருக்குன்னு தெரியுதே, அது பல் இல்ல. அது மனசு. பல்லுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே. இதுதான் முதல் பாடம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் லேபில் பிளாஸ்டரைக் கலக்கும்போது கை நின்றுவிட்டது. பொடியில் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்கிறது. அதிர்வு மேஜை மேல் வைத்தால் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் யாரும் அடுப்பில் வைக்காமலே உள்ளங்கை சுடுகிற அளவுக்குச் சூடாகி, பிறகு ஆறிக் கல்லாகிவிடுகிறது. நாலும் அந்த ரப்பர் கிண்ணத்துக்குள் இருந்தன. பதினைந்து வருஷமாகக் கலக்கியிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. அன்று சாயங்காலமே மாடிக்குப் போய், "அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றேன்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டவன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தான். அம்மா இறந்தபோது நான் வந்துகொண்டிருந்த ரயில் நாலு மணி நேரம் தாமதம். அவன் காத்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். "நாலு மணி நேரம் உனக்கு அவ்வளவு பெரிசாப் போச்சா?" என்று கேட்டேன். "எல்லாரும் அவசரப்படுத்தினாங்க" என்றான். அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்தினேன். ஏழு வருஷம் பேசவில்லை; என் கணவரையும் பேச விடவில்லை.

பேசவில்லை என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினாலும், உள்ளே ஒட்டியிருக்கும் சர்வீஸ் அட்டையில் அவன் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அன்று பூராவும் மனசு ஒரு மாதிரி இருக்கும். அவன் ஒரு தடவை படியேறி வந்து 'தப்புதான்' என்று சொல்லியிருந்தால் போதும். அவனும் இதேபோல எனக்காகக் காத்திருந்திருப்பான். எங்கள் வீட்டு வீம்பு அப்படி.

போன முறை பிக்கு வந்தபோது மையத்தில் இருபத்தொரு நாள் மௌனப் பயிற்சி வைத்தார்கள். போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். யாரோடும் பேசக் கூடாது. தினமும் ஒரு தடவை பிக்குவின் அறைக்குப் போய், உட்கார்ந்ததில் என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். நாத்தனார் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வார். பன்னிரண்டாம் நாள் எனக்கு ஒன்று நடந்தது. பல்லில் தொடங்கி உடம்பு முழுக்க நாலு தாதுவையும் பார்த்துக்கொண்டே போகையில், உடம்பு என்று ஒன்று இல்லாமல் வெறும் வெள்ளையாகி, அப்புறம் கண்ணாடிக் கட்டி மாதிரி தெளிந்து நின்றது. அதைப் பிக்குவிடம் சொன்னேன். அவர் தலையாட்டி, நாலு வார்த்தை சொன்னார். அதை மாற்றிச் சொல்லும்போது நாத்தனாரின் குரல் லேசாக நடுங்கியது. என் மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் மதியம் நாத்தனார் என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். மையத்து ஆபீஸில் வந்த போனை எழுதி வைத்திருந்தார்கள். 'அண்ணன் சீரியஸ். உன்னைக் கேட்கிறார். உடனே வரவும். அண்ணி.' அவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனதும், டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியதும் எனக்கு அதுவரை தெரியாது.

பயிற்சிக்கு நடுவில் பிக்குவைக் கேட்காமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது அங்கே விதி. அவரோ அன்று நாலு மணிக்கு வேறு ஊருக்குப் புறப்பட இருந்தார். மீதி ஆறு நாளை உதவியாளர்கள் நடத்துவதாக ஏற்பாடு. கடைசி ஆளாக உள்ளே போனேன். "என் அண்ணன் சாகக் கிடக்கிறான். ஏழு வருஷமா அவனோட பேசல. இப்ப என்னைக் கேட்கிறானாம். நான் போகவா, இருக்கவா?" என்று கேட்டேன். நாத்தனார் மாற்றிச் சொன்னார். பிக்கு நிறைய நேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "'அங்கே படுத்திருக்கிறது மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து. நாலும் பிரியப் போகுது. பிரியறதைப் போய்ப் பார்த்து நீ என்ன பண்ணப் போறே? இங்கேயே பாரு. இப்ப எழுந்தா இது மறுபடி கிடைக்காது'ங்கிறார்."

"வாசல் பக்கம் கையைக் காட்டினாரே, அக்கா?"

"மனசு அப்படித்தான் வெளியே ஓடும், விடாதேன்னு சொல்றார்."

நான் தரையில் தலை வைத்துக் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினேன். உட்கார்ந்தேன். வெள்ளையும் வரவில்லை, கண்ணாடியும் வரவில்லை. அண்ணன் முகம்தான் வந்தது. அதையும் நாலாகப் பிரிக்கப் பார்த்தேன்.

பயிற்சி முடிந்து போனைத் திறந்தபோது அண்ணன் போய் நாலு நாள் ஆகியிருந்தது. ஓடினேன். அண்ணி கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வந்துட்டியா? எல்லாம் முடிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டாள். கதவைச் சாத்திவிட்டாள். அம்மா சாவுக்குப் பழி வாங்கிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். நான் என்ன சொல்ல முடியும்? குரு போக வேண்டாம் என்றார் என்று சொன்னால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு வருஷம் என்னைத் தாங்கியது அந்தப் பதில்தான். அவ்வளவு பெரியவர் சொன்னார், தப்பாக இருக்காது என்று நாளுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டேன். பிளாஸ்டரைக் கலக்கும்போதெல்லாம், நாலும் சேர்கிறது, நாலும் பிரிகிறது, இதில் அண்ணன் எங்கே, தங்கை எங்கே என்று கேட்டுக்கொண்டேன். அழுகை வந்த நாட்களில் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுப்பார். அந்தக் கையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இந்த வருஷம் பிக்கு மறுபடி வந்தார். "இந்தத் தடவை கூட்டம் ஜாஸ்தி. நீ அடுத்த தடவை உக்காரேன்" என்று நாத்தனார் இரண்டு மூன்று முறை சொன்னார். என் உடம்பு அலுப்பைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. பயிற்சி தொடங்கிய இரண்டாம் நாளே தொண்டை கட்டி, சுத்தமாகக் குரல் போய்விட்டது. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மொழி தெரியும் என்று அவளை உட்கார வைத்தார்கள்.

என் முறை வந்தது. பிக்கு என்னைப் பார்த்ததும் சிரித்தார். தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். ஞாபகம் வைத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார்.

"'உங்க அண்ணனைப் போய்ப் பார்த்தீங்களே, அவருக்கு நினைவு இருந்துதா? பேச முடிஞ்சுதா?'ன்னு கேட்கிறார்" என்றாள் அந்தப் பெண்.

"நான் போகலையே. இவர்தானே போக வேண்டாம்னு சொன்னார்."

அவள் மாற்றிச் சொன்னாள். பிக்குவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அந்தப் பெண் தயங்கினாள். "'நான் போகச் சொன்னேன்'னு சொல்றார்" என்றாள்.

"அன்னைக்கு என்ன சொன்னாரோ அதை மறுபடி சொல்லச் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். "'உடம்பு நாலு தாது. அது சரி. ஆனா உங்களைக் கூப்பிடுறது தாது இல்ல. கல்லும் தண்ணியும் யாரையும் கூப்பிடாது. கூப்பிடுறது மனசு. நோகிற ஒரு மனசு உங்களைக் கேட்குது. அதை விட்டுட்டு இங்கே பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது தியானம் இல்ல. இன்னைக்கே கிளம்புங்க. நான் போற கார்லயே வாங்க, உங்க அண்ணன் வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போறேன்.' இதைத்தான் சொன்னாராம். நீங்க வெளியே போனதும், உங்க வீட்டுக்காரரோட கிளம்பிப் போறீங்கன்னு மொழிபெயர்த்தவங்க சொன்னாங்களாம்."

நான் எழுந்து வெளியே வந்தேன். கும்பிட்டேனா என்று நினைவில்லை.

மெத்தைகளை அடுக்கி வைக்கும் சின்ன அறையில் நாத்தனார் உறை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மண்டபத்தில் எண்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார். குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"ஏன்க்கா?"

நானும் கிசுகிசுத்தேன். என் வாழ்நாளில் போட்ட பெரிய சண்டையைக் கத்த முடியாத இடத்தில் போட வேண்டியிருந்தது. அவர் மெத்தை மேல் உட்கார்ந்தார்.

"உனக்குக் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுதுன்னு சொன்னே இல்ல" என்றார். "நான் பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன். எனக்கு அது ஒரு நாள் கூட வரல. எத்தனையோ பேர் வந்து அவர்கிட்ட சொல்வாங்க, நான் மாத்திச் சொல்வேன். கல்யாண வீட்டுல பந்தி பரிமாறிட்டுப் பசியோட நிக்கிற மாதிரி. அப்புறம் உனக்கு வந்துது. நான் கூட்டிட்டு வந்தவ நீ. உன் பக்கத்துல இருந்தாவது அது எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்கலாம்னு நினைச்சேன். நீ எழுந்து போனா எல்லாம் போச்சேன்னு தோணுச்சு. திட்டம் போட்டுச் செய்யல. கண்ணாடியைத் துடைச்சேன் பாரு, அந்த நேரத்துக்குள்ள வாய்ல வந்துடுச்சு."

"அப்புறம் ரெண்டு வருஷம் இருந்துதே, அக்கா. அதுல ஒரு நாள் கூட வாய்ல வரலையா?"

"வந்துது. நீ அந்தப் பதிலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடிக்கிட்டு இருந்தே. அதையும் எப்படிப் பிடுங்குறது?"

அவர் என் மார்பைப் பார்த்தார். பழக்க தோஷமோ என்னவோ, "கோபம் எங்கே இருக்குன்னு பாரு. நெஞ்சுல சூடா இருக்கா? அது நெருப்பு. உன்னோடது இல்ல. பார்த்துக்கிட்டே இரு, அடங்கிடும்" என்றார்.

"சூடு நெருப்பு. சரி. நீங்க சொன்ன பொய் எந்தத் தாது?"

அவர் கீழே வைத்த உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நீங்கதானே எனக்கு முதல் பாடம் சொன்னீங்க, குழப்பிக்காதேன்னு? என் அண்ணனை வெறும் மண்ணாக்கிட்டு, உங்க ஆசையை மட்டும் மனசா வெச்சுக்கிட்டீங்க. இப்ப கிளம்புங்க. அண்ணி வீட்டுக்குப் போறோம். நீங்க பண்ணினதை அவகிட்ட உங்க வாயால சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணன் திரும்பி வர மாட்டான். ஆனால் அவன் வீட்டு வாசலில் நான் பழிகாரியாக நிற்கக் கூடாது. அவர் மறுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனோம்.

மூன்று மாடி ஏறினோம். அண்ணி கதவைத் திறந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தப் போனவள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்து நின்றாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். அண்ணன் படுத்திருந்த கட்டில் சுவரோரம் இருந்தது. இப்போது அதன் மேல் மடித்த துணிகள் இருந்தன.

நாத்தனார் பூசி மெழுகாமல் சொன்னார், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். குரல் வராததால் அண்ணி முன்னால் குனிந்து கேட்டாள். "இவளை வரவிடாமத் தடுத்தது நான்தான். குரு போகச் சொன்னார். போக வேண்டாம்னு நான் மாத்திச் சொன்னேன். இவளுக்கு எதுவும் தெரியாது. இன்னைக்குத்தான் தெரியும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவள் நெற்றி சுருங்கியது.

"அப்ப போன்ல சொன்னது?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"எந்தப் போன்?" என்றேன் நான்.

"முதல் நாள் சீட்டு எழுதி வெச்சாங்க இல்ல, அதுக்கப்புறமும் நான் கூப்பிட்டேன். மறுநாள் ரெண்டு தடவை. அடுத்த நாள் காலையில ஒரு தடவை. இவங்கதான் எடுத்தாங்க. 'அம்மா முகத்தை அவளுக்குக் காட்டாதவர் முகத்தை அவ எதுக்கு வந்து பார்க்கணும்? அவ வர மாட்டா'ன்னு சொன்னாங்க. நீ சொல்லச் சொன்னதாத்தான் நான் நினைச்சேன்."

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பத் திரும்பப் போன் வந்துது. ஆபீஸ்ல கேட்க ஆரம்பிச்சாங்க. அது நிக்கணும்னு..." என்றார்.

அம்மா விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. என் கணவரிடம்கூட அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. மாடியில் ஒரு நாள் அழுதுகொண்டே நாத்தனாரிடம்தான் சொல்லியிருந்தேன்.

"நான் அதை அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி. "வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். படியில யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் வாசலைப் பார்ப்பார். எனக்கு உன் மேல ஆத்திரம். அந்த ஆத்திரத்துல காதுகிட்ட போய், இப்படிச் சொல்லி விட்டிருக்கா உங்க தங்கச்சின்னு சொல்லிட்டேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டார். அன்னைக்குச் சாயங்காலம் போயிட்டார்."

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நாத்தனாரின் முழங்காலைத் தொட்டாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க. அப்ப அவருக்குப் பாதி நினைவுதான் இருந்துது. நான் சொன்னது காதுல விழுந்திருக்குமா? வலியில கூட முகத்தைத் திருப்பியிருக்கலாம் இல்ல?"

இதற்கு நாத்தனாரின் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். சாகிறவர்கள் பக்கத்தில் நின்று மனசு நோகும்படி எதுவும் பேசாதே, மற்றதெல்லாம் அடங்கினாலும் காது கடைசி வரை கேட்கும், கடைசி நினைப்பு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பிறப்பு எழும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நர்ஸ் வேலையிலும் கற்றார், பிக்குவிடமும் கற்றார். அதைத் தெரிந்துகொண்டேதான் அந்தப் போனை எடுத்திருக்கிறார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "விழுந்திருக்காது அண்ணி. அந்த நிலைமையில யார் என்ன பேசினாலும் ஏறாது. வலியிலதான் திரும்பியிருப்பான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. போகும்போது படி வரை வந்து, "இனிமே வந்து போயிக்கிட்டு இரு" என்றாள். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. கேட்காததும் கிடைத்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. நாத்தனார் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார். பிறகு மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றார் அந்த இல்லாத குரலில். "அவ மனசு உடையக் கூடாதுன்னு மாத்திச் சொன்னே. இப்ப உனக்குப் புரியுதில்ல? நானும் அன்னைக்கு உன் நல்லதுக்குத்தான்..."

"நான் சொன்னது அவ உயிரோட இருக்கணும்னு. நீங்க சொன்னதை அவன் சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தான்."

பஸ் வந்தது. அவர் ஏறி, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து எனக்காகப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

அண்ணன் காதில் அது விழுந்திருக்கும். ஒவ்வொரு வார்த்தையும் விழுந்திருக்கும். நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக நினைத்துக்கொண்டே அவன் போனான்.